ஐஸ் காத்தவனின் பெயர்

மதுச்சாலையில் பார்டெண்டருக்கு ஐஸ் அள்ளிக் கொடுத்து, கிளாஸ் கழுவித் துடைத்து, போத்தல் பெட்டி சுமக்கிற உதவியாளை ஆங்கிலத்தில் 'பார்பாக்' என்பார்கள். புலம்பெயர்ந்த புதிதில் எங்கட பெடியள் கனபேர் இந்த வேலைதான் செய்தோம். ஊருக்கு எழுதும்போது மட்டும் "ஹோட்டலில் வேலை" என்று எழுதுவோம். எங்களுக்குள்ளே 'கோப்பை கழுவுறது'.

இந்த வேலைக்குப் பழைய பெயர் ஏதும் இருந்ததா என்று தேடினேன். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் 'மேட்டி' என்றொரு சொல் இருக்கிறது. சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர் வீடுகளில் பீங்கான், கத்தி துலக்கி, விளக்கைக் கவனிக்கும் கீழ்நிலை வேலையாள். அதே அகராதியில் 'பாய்' என்ற சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் பையன். வேலைக்காரனுக்கு ஐம்பது வயதானாலும் துரைமாருக்கு அவன் 'பாய்'தான்.

இனி ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு வருவோம். 1931 குடிசனக் கணக்கின்படி அந்த நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். தமிழர், தெலுங்கர் பலர் துறைமுகத்திலும் துரைமார் வீடுகளிலும் உழைத்தார்கள். அங்கே வெள்ளைக்காரருக்கென்று இருந்த பெகு கிளப்பின் பெயரில் ஜின்னும் தேசிப்புளியும் சேர்ந்த ஒரு பானம் உலகப் புகழ் பெற்றது. 1930இல் வந்த சவோய் கொக்டெயில் புத்தகத்தில் அதன் செய்முறை இருக்கிறது. ஐஸ் உடைத்துக் கொடுத்தவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்த ஜோர்ஜ் ஓர்வெல் 1934இல் எழுதிய 'பர்மீஸ் டேய்ஸ்' நாவலில் அவனைக் காணலாம். சிறு நகரக் கிளப் ஒன்றின் பட்லர் ஒரு திராவிடர். ஐஸைக் கரையாமல் வைத்திருப்பது சிரமம் என்று திருத்தமான ஆங்கிலத்தில் சொல்கிறார். அதற்காகவே ஒரு வெள்ளைக்காரன் அவர்மேல் பாய்கிறான். வேலைக்காரன் கொச்சை ஆங்கிலந்தான் பேசவேண்டுமாம்! ஐஸ் கரைந்தது அவனுக்குப் பெரிதில்லை. வேலைக்காரன் தனக்குச் சமமாகப் பேசியதுதான் குற்றம்.

1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கானோர் கால்நடையாக இந்தியாவுக்கு ஓடினார்கள். 1962 இராணுவ ஆட்சிக்குப் பிறகு இன்னும் பலர் வெளியேறினார்கள். அகதி என்ற சொல் எங்களுக்கு முன்பே அவர்களைப் பிடித்துவிட்டது.

'பார்பாக்' என்பது நிற்கிற இடத்தைச் சொல்லும் பெயர். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இன்று எங்கட ஆக்கள் பலர் சொந்தமாக உணவகம் நடத்துகிறார்கள். அங்கே கோப்பை கழுவுகிறவரை, அவர் எந்த நாட்டு அகதியாக இருந்தாலும், "டேய் பொடி" என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கோ.