பெயரில்லாக் காய்ச்சலும் நவாஹோ முதியவர்களின் ஞாபகமும்

1993 மே மாதம் 14ஆம் திகதி அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள கலப் என்னும் சிறு நகரில் ஓர் இளைஞர் மூச்சுத்திணறி இறந்தார். நவாஹோ பழங்குடியைச் சேர்ந்த அவர் நல்ல ஓட்டவீரர். சில நாட்களுக்கு முன்னர் அதேவிதமாக மூச்சுத்திணறி இறந்துபோன தனது வருங்கால மனைவியின் இறுதிச் சடங்குக்குச் சென்றுகொண்டிருந்த வழியிலேயே அவரை மரணம் தழுவியது. மாநில மரண விசாரணை அலுவலகத்தினர் பழைய பதிவுகளைப் புரட்டினர். இதேபோன்று இறந்த திடகாத்திரமான இளவயதினர் வேறு சிலரும் இருந்தமை தெரியவந்தது. எல்லோருக்கும் முதலில் சாதாரண காய்ச்சலும் தசைநோவும். பின்னர் ஓரிரு நாட்களில் சுவாசப்பைகளில் நீர் நிரம்பி மூச்சு நின்றுபோனது.

நியூ மெக்சிக்கோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களின் எல்லைகள் ஒரே புள்ளியில் சந்திப்பதால் 'நான்கு மூலைகள்' என்று வழங்கப்படும் பிரதேசம் அது. அதன் பெரும் பகுதி நவாஹோ மக்களின் மண்.

செய்தி வெளியானதும் எமது தொழில் சார்ந்தவர்கள் நடந்துகொண்ட விதம் பெருமைக்குரியதல்ல. நோய் இன்னதென்று வைத்தியர்களுக்கே தெரியாதிருந்த வேளையில் பத்திரிகைகள் அதற்கு 'நவாஹோ காய்ச்சல்' என்று பெயர் சூட்டிவிட்டன. இறந்தவரைப் பற்றி நான்கு நாட்களுக்குப் பேசலாகாது என்பது அம்மக்களின் வழக்கம். துக்கம் காக்கும் அந்த வீடுகளின் வாசலில் கமராக்களுடனும் கேள்விகளுடனும் செய்தியாளர்கள் போய் நின்றனர். கலிபோர்னியாவிலிருந்த ஒரு பாடசாலை, தான் அழைத்திருந்த நவாஹோ சிறுவர்களை வரவேண்டாம் என்று தடுத்தது. நோய் மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதாக எந்தச் சான்றும் இருக்கவில்லை. ஆனால் தலைப்பு முந்திக்கொண்டது. பல ஆண்டுகளாகத் தலைப்புகள் எழுதியவன் என்ற வகையில் அந்த அவசரத்தை நான் அறிவேன்.

ஜூன் மாத முற்பகுதியிலேயே அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் விஞ்ஞானிகள் விடையைக் கண்டுபிடித்தனர். அது ஹன்டா வைரஸ். அப்பெயர் கொரியாவின் ஹன்டான் நதியிலிருந்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் கொரிய யுத்தத்தில் ஐக்கிய நாடுகள் படையினர் 3,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்த மர்மக் காய்ச்சலின் காரணியை, தென்கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ 1970களின் பிற்பகுதியிலேயே வயல் எலிகளில் கண்டறிந்தார். அங்கே அது சிறுநீரகத்தைத் தாக்கியது. அமெரிக்காவிலோ அதன் உறவு வைரஸ் சுவாசப்பையைத் தாக்கியது. மான் எலி என்று அழைக்கப்படும் சின்னஞ்சிறு எலியே அதனைக் காவித் திரிந்தது. பொறிவைத்துப் பிடித்த மான் எலிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் தொற்றின் அடையாளம் இருந்தது. எலியின் எச்சமும் சிறுநீரும் உலர்ந்து தூசியாகி, அதனைச் சுவாசிப்போரிடம் நோய் தொற்றுகிறது. பூட்டிக்கிடந்த கொட்டிலைத் திறந்து கூட்டிப் பெருக்குவதே அதற்குப் போதும்.

ஆனால் ஏன் 1993இல்? இங்குதான் வரலாறு சுவையானதாகிறது. நவாஹோ வைத்தியரான பென் முனேட்டா தமது மக்களின் பாரம்பரிய மருத்துவர்களிடம் சென்று விசாரித்தார். மழையும் பனியும் மிகுந்த ஆண்டுகளில் பினியொன் பைன் மரங்கள் அளவுக்கதிகமாகக் காய்க்கும், எலிகள் பெருகும், இளையோர் இறப்பர் என்று அவர்கள் கூறினர். 1918இலும் 1933இலும் அவ்வாறு நிகழ்ந்ததை முதியவர்கள் நினைவில் வைத்திருந்தனர். எலி இரவுக்கும் வெளிக்கும் உரியது, மனிதர் பகலுக்கும் வீட்டுக்கும் உரியவர், இரண்டும் கலத்தல் ஆகாது என்பது அவர்களது மரபு. எலி தொட்ட துணியை எரித்துவிட வேண்டும் என்றும் அம்மரபு சொல்கிறது. இதனை மூடநம்பிக்கை என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்!

பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குறிப்பேடுகளும் அதையே சொல்லின. நியூ மெக்சிக்கோவின் செவில்லெட்டா ஒதுக்கிடத்தில் ரொபேர்ட் பார்மென்டரும் சகாக்களும், நோயைப் பற்றிய எண்ணமேயின்றி, பல ஆண்டுகளாக எலிகளை எண்ணி வந்திருந்தனர். நீண்ட வரட்சியில் எலிகளை உண்ணும் பிராணிகளும் குறைந்துபோயிருந்தன. பின்னர் எல் நினோ கொண்டுவந்த மழையிலும் பனியிலும் பாலைநிலம் துளிர்த்தது. விதைகளும் பூச்சிகளும் மலிந்தன. 1993 மே மாதத்தில் அப்பிரதேசத்தின் எலித்தொகை முந்திய ஆண்டின் மே மாதத்தைவிடப் பத்து மடங்கு. இடம்போதாத எலிகள் வீடுகளுக்குள் புகுந்தன. அந்த எண்ணிக்கைப் புத்தகம் இல்லாதிருந்தால் முதியவர்களின் சொல் சபையேறியிருக்குமோ தெரியாது. 1997-98இன் எல் நினோவுக்குப் பின்னரும் நோயாளர் தொகை உயர்ந்தது. மழை பெய்தவுடன் அல்ல, ஓராண்டு அளவு தாமதித்தே உயர்ந்தது. புல் முளைத்து, எலி பெருகி, தொற்றுப் பரவ அவ்வளவு காலம் பிடிக்கிறது.

வைரஸுக்குப் பெயரிடுவதிலும் சிக்கல் எழுந்தது. தமது நிலத்தின் பெயர் நோயோடு ஒட்டிக்கொள்வதை அம்மக்கள் எதிர்த்தனர். இறுதியில் 'சின் நொம்ப்ரே' என்று வைத்தனர். ஸ்பானிய மொழியில் 'பெயரில்லாதது' என்று பொருள். பிற்காலத்தில் பழைய மாதிரிகளைச் சோதித்தபோது 1959இல் யூட்டாவில் நோயுற்ற ஒருவரிடமும் அதே தொற்று இருந்தது தெரியவந்தது. அது 1993இல் பிறந்த நோயல்ல, நவாஹோ மக்களுடையதுமல்ல. 2025 பெப்ரவரியில் நியூ மெக்சிக்கோவின் சாந்தா ஃபே நகரில் நடிகர் ஜீன் ஹக்மனின் மனைவி பெட்சி அரகாவா இதே நோயால் மரணமானார். அப்போது எவரும் அதற்கு அந்தச் செல்வந்த நகரின் பெயரைச் சூட்டவில்லை.

எமது நாட்டின் எலிக்காய்ச்சல் வேறு இனம். அது பக்டீரியா. தூசியால் அல்ல, நீரால் வருவது. எலியின் சிறுநீர் கலந்த வயல் சேற்றிலும் வெள்ளத்திலும் நிற்பவரின் காற்புண் வழியே உடலில் ஏறும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டு 200 பேரளவில் இறந்தனர். அங்கே எலியைப் பெருக்கி வீட்டுக்குள் அனுப்பிய மழை, இங்கே எலியின் கழிவை மனிதரின் காலடிக்குக் கொண்டுவருகிறது. ஆகவே இங்கு ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை, சில வாரங்கள் போதும். 2024 நவம்பர் இறுதியில் புயல்மழை யாழ்ப்பாணக் குடாநாட்டை மூழ்கடித்தது. டிசம்பரில் வடமராட்சிப் பக்கத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தன. எலிக்காய்ச்சல் என்று பரிசோதனை உறுதிப்படுத்தும்வரை அதனையும் 'மர்மக் காய்ச்சல்' என்றே பேசிக்கொண்டோம்.