மாட்டின் வயிற்றில் ஒரு காமிரா

பெருங்கதை படித்தவர்களுக்கு உதயணன் அகப்பட்ட விதம் நினைவிருக்கும். யானைப் பித்துக் கொண்ட அந்த மன்னனைப் பிடிக்க, பிரச்சோதனன் எந்திர யானை ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்துக் காட்டிலே விட்டான். ஏறக்குறைய அதே உபாயத்தை, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் இரண்டு சகோதரர்கள் கையாண்டார்கள். அவர்கள் பிடிக்க நினைத்தது அரசனை அல்ல, வயல்வெளிப் பறவைகளை. அதுவும் படத்தில்.

மூத்தவர் ரிச்சர்டு கீயர்ட்டன் (1862-1928). இளையவர் செர்ரி கீயர்ட்டன் (1871-1940). யார்க்‌ஷையரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள். சிறு பிராயத்தில் கூடு தேடப் போய் இடுப்பில் அடிபட்ட ரிச்சர்டு, ஆயுள் முழுவதும் காலை விந்தியே நடந்தார். ஆனாலும் கூடு தேடுவதை விட்டாரில்லை! லண்டனில் காசெல் பதிப்பகத்தில் அவர் வேலைக்கு அமர, தம்பியும் பின்னால் வந்து சேர்ந்தார். அண்ணன் எழுதுவார், தம்பி படம் எடுப்பார்.

அந்நாளில் பறவையை அறிவதென்றால் துப்பாக்கியால் அறிவதுதான். சுட்டு வீழ்த்தி, தோலுரித்து, பஞ்சடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். கௌரவமான கனவான்கள் முட்டை சேகரிக்கிறோம் என்று கூடு கூடாகக் காலி செய்தார்கள். 1892 ஏப்ரலில், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில், இவர்கள் திரஷ் என்ற பாடும் பறவையின் கூட்டை முட்டைகளோடு படம் பிடித்தார்கள். படம் வீட்டுக்கு வந்தது. முட்டைகள் கூட்டிலேயே இருந்தன. 1895-ல், பிரிட்டனின் பறவைக் கூடுகளைப் பற்றி அப்படிப்பட்ட படங்களோடு ஒரு புத்தகமே வெளிவந்தது.

பட்ட பாடு கொஞ்சமல்ல. உயரத்துக் கூட்டை எட்ட ஒருவர் தோள்மேல் மற்றவர் ஏறி நின்றார். 1896-ல் ஸெயின்ட் கில்டா தீவுக்குப் போய்ச் செங்குத்தான பாறைகளில் கயிற்றில் தொங்கினார்கள். எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த மாடுதான். எருது ஒன்றின் தோலை மரச் சட்டத்தின்மேல் போர்த்தித் தைத்து, புல்வெளியில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் காமிராவோடு புகுந்து மணிக்கணக்கில் நிற்பார்கள். தோலிலுள்ள துளை வழியே லென்ஸ் எட்டிப் பார்க்கும். பறவைக்கு மாட்டிடம் என்ன பயம்?

இத்தனை பாடுபட்டு எடுத்தாலும் படம் உண்மை பேசிற்றா என்றால், அதுதான் இல்லை. திரஷின் முட்டை நல்ல நீல நிறம். கறுப்புப் புள்ளிகள் உண்டு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுகளோ நீலத்தை வெளுக்க வைத்துவிடும், சிவப்பைக் கறுப்பாக்கிவிடும். மேகம் தவழும் ஆகாயம் வெறும் வெள்ளைச் சுவராகிவிடும். ஆகையால், இருட்டறையில் அச்சிடும்போது ஓரிடத்தைக் கையால் மறைத்து ஒளியைக் குறைப்பதும், வேறிடத்தில் கூடுதலாக விழவிடுவதும், நெகடிவில் பென்சிலால் தொடுவதும் அந்தத் தொழிலோடு பிறந்தவை.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் இதற்கு 'டச்' செய்வதென்று பெயர். எங்கள் அத்தையின் கல்யாணப் படத்தில் அவள் முகத்து அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. நிறமும் இரண்டு மாற்று ஏறியிருந்தது. "யாரடா இவள்?" என்று அத்தையே கேட்டாள். அதை நான் ஒப்பமாட்டேன். ஆனால் கறுத்துப்போன நெஞ்சில் இறகின் வரியைத் தெரிய வைக்கிறவன் பறவைக்குத் துரோகம் செய்கிறானென்றும் சொல்லமாட்டேன். தட்டு விழுங்கியதை அவன் கக்க வைக்கிறான், அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பஞ்சடைத்த பறவையைக் கிளையில் உட்கார வைத்து, படத்தில் ஒரு புள்ளியையும் தொடாமல் அச்சிட்டுக் காட்டலாம். திருத்தமே இல்லாத அசல் போட்டோ, அத்தனையும் பொய்! இன்று கம்ப்யூட்டரில் குறுக்கே வந்த குச்சியை அழிக்கிறார்கள், மங்கிய இறகைத் துலக்குகிறார்கள். போட்டி நடத்துகிறவர்கள் காமிரா பதிந்த மூலத்தையே கேட்டு ஒப்பிடுகிறார்கள். அப்படியும் 2018-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தான் பரிசளித்த ஒரு படத்தைத் தள்ள நேர்ந்தது. பிரேஸிலில் எடுத்த படம் அது. அதிலிருந்த எறும்புதின்னி பெரும்பாலும் பாடம் செய்து வைத்த பிராணியே என்று நிபுணர்கள் முடிவு கட்டினார்கள். எடுத்தவர் மறுத்தார். மூலத்தை ஒப்பிட்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கீயர்ட்டன் சகோதரர்களும் பொய் மாடு வைத்தவர்கள்தாம். ஆனால் ஏமாந்தது பறவை, வாசகரல்ல. மாட்டின் படத்தையும் புத்தகத்திலேயே போட்டுவிட்டார்கள். ஒருநாள் உள்ளே நின்றவருக்கு மயக்கம் வந்து, மாடு ஆளோடு குடைசாய்ந்தது. நாலு காலும் ஆகாயத்தைப் பார்க்க அது கிடந்த கோலத்தையும் அவர்கள் படமெடுக்கத் தவறவில்லை.