லிஸ்டீரியா: உள்ளிருந்து திறந்த கதவு

1981-ஆம் ஆண்டு கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களில் 41 பேரை லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா தாக்கியது. அவற்றில் 34 நேர்வுகள் மகப்பேற்றோடு தொடர்புடையவை: கருச்சிதைவுகள், இறந்து பிறந்த குழந்தைகள், பிறந்ததும் நோயுற்ற சிசுக்கள். ஆட்டெருவிட்ட நிலத்தில் விளைந்து, குளிர்கிடங்கில் வைக்கப்பட்டிருந்த முட்டைக்கோஸே காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

கேம்பிரிட்ஜில் முயல்களிடம் கண்டறியப்பட்டு, 1926-இல் விவரிக்கப்பட்ட பழைய கிருமிதான் அது. ஆனால் தாய் உண்ட உணவிலிருந்து குடற்சுவரைக் கடந்து கருவறைவரை அது எப்படிச் சென்றது? வெள்ளையணுக்களில் சில, கிருமிகளை விழுங்குவதையே தொழிலாகக் கொண்டவை. குடலின் உட்சுவர்ச் செல்களோ அத்தகையவை அல்ல.

விடை செல்லின் சட்டகத்தில் இருந்தது. 1942-இல் ஹங்கேரியின் செகெட் நகரில் ஸ்ட்ரௌப் என்பவர் தசையில் ஆக்டின் என்ற புரதத்தை அடையாளம் கண்டார். மணிமணியாகக் கோத்து இழையாவதும் மீண்டும் உதிர்வதும் அதன் இயல்பு. தசைக்கு வெளியேயும் செல்களுக்கு வடிவமும் அசைவும் தருவதில் இவ்விழைகளுக்குப் பெரும் பங்குண்டு என்பது பிற்பாடு விளங்கியது.

1991-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் கையார், கோஸார் குழுவினர் லிஸ்டீரியாவின் மேற்பரப்பில் இன்டர்னலின் என்ற புரதத்தைக் கண்டனர். அது பற்றிக்கொள்வது ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தை என்பது 1996-இல் தெளிவானது. அண்டைச் செல்கள் ஒன்றையொன்று கைகோத்து நிற்க உதவும் புரதம் அது. உட்புறம் ஆக்டின் இழைகளோடு பிணைந்தது. கிருமி தொட்டவுடன் இழைகள் இடம்மாறுகின்றன. செல்லின் சவ்வு அதைத் தழுவி உள்ளே இழுத்துக்கொள்கிறது. உறவுக்கென அமைந்த ஏற்பாடே பகைக்கு வழிவிடுகிறது.

உள்ளே சென்றபின்னும் கிருமி ஆக்டினை விடுவதில்லை. அதன் பின்புறம் ஆக்டின் இழைகள் வால்போல் வளர்ந்து அதை உந்துவதையும், அவ்வாறே அது அடுத்த செல்லுக்குள் நுழைவதையும் 1989-இலேயே டில்னியும் போர்ட்னாயும் காட்டியிருந்தனர். இரத்தத்தில் காவலிருக்கும் எதிர்ப்பொருள்களின் கண்ணில் படாமலே பயணம் தொடர்கிறது.

இன்னொரு புதிரும் இருந்தது. உணவின் வழியே கொடுத்தால் எலிகள் எளிதில் நோயுறுவதில்லை. காரணத்தை 1999-இல் லெக்யூயி குழுவினர் கண்டனர்: ஈ-கேட்ஹெரினின் 16-ஆம் இடத்தில் மனிதருக்கு இருப்பது புரோலின், எலிக்கு குளூட்டாமிக் அமிலம். அந்த ஒற்றை வேறுபாட்டால் எலியின் கதவு திறக்கவில்லை. ஆய்வுக்கூடத்து எலியின் நலம் மனிதரின் நலத்துக்குச் சான்றாகவில்லை.

மனித நஞ்சுக்கொடித் திசுவிலும் கிருமி இதே பிடியைப் பயன்படுத்துகிறது என்று 2004-இல் அக்குழுவினர் காட்டினர். 1981-இன் தாய்மாருக்கு நேர்ந்ததன் வழி தெரிய 23 ஆண்டுகள் ஆயின.