பேங்க்கும் பாரும்: மன்னார் வளைகுடாவில் ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கில அகராதிகளில் ‘பேங்க்’ என்ற சொல்லுக்குத் தனித்தனிப் பதிவுகள் உண்டு. ஒன்று ஆற்றங்கரையையும் கடலடி மேட்டையும் குறிக்கும். அதற்கு ரிட்ஜ், ஷோல், பெட் ஆகியவை ஏறத்தாழ ஒத்த சொற்கள். மற்றொன்று பணம் போட்டு எடுக்கும் இடம். ட்ரெஷரி, ஃபண்ட், ரிசர்வ் அதன் உறவுச் சொற்கள். தூத்துக்குடிக்கு எதிரே முத்துச்சிப்பி விளையும் கடற்பகுதிகளைக் காலனிய ஆவணங்கள் ‘பேர்ல் பேங்க்’ என்று எழுதின. அங்கே சலாபம் என்னும் முத்துக்குளிப்பில் ஈடுபட்ட பரதவர்கள் அவற்றைப் ‘பார்’ என்றே அழைத்தனர். சிப்பி எப்படிப்பட்ட நிலத்தில் வாழ்கிறது என்பதைப் ‘பார்’ சொல்லியது. ‘பேங்க்’ அதைச் சொல்லவில்லை. தன் இன்னொரு பொருளுக்குரிய எதிர்பார்ப்பைச் சிப்பியின் மேல் ஏற்றவும் அது இடங்கொடுத்தது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தூத்துக்குடிப் பார்கள் கரையிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி, சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. இவை பெரும்பாலும் மேடுகள் அல்ல. மணலுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் கெட்டித் தரை. சிப்பிக்குஞ்சு சில வாரங்கள் நீரில் மிதந்து திரிந்தபின் கீழே இறங்கி, நார்போன்ற இழைகளால் எதையாவது பற்றிக்கொண்டாக வேண்டும். மணலில் விழுந்தால் புதைந்து மடியும். ஆக, இங்கே உயரம் பொருட்டல்ல, கடினம்தான் பொருட்டு. பாறையோடு ஒலியிலும் பொருளிலும் ஒட்டி நிற்கும் ‘பார்’ அந்தக் கடினத்தையே பெயராக்கியிருக்கிறது. இலங்கை அரசுக்காக விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட ஆய்வறிக்கையும், அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்துறையிலிருந்து எழுதியவையும் ‘பார்’ என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே கையாள்கின்றன. ஆங்கிலச் சொல் போதுமானதாக இருந்திருந்தால் இந்தக் கடன் தேவைப்பட்டிராது.

இரண்டு ‘பேங்க்’குகளும் வேறு வேறு என்பதையே மறுக்கலாம். பணம் மாற்றுவோர் அமர்ந்த பலகையைக் குறித்த இத்தாலியச் சொல்லும், மேட்டைக் குறித்த வட ஐரோப்பியச் சொல்லும் ஆதியில் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து கிளைத்தவை. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் மொழியில் பலகை, திட்டு, பணநிறுவனம் மூன்றுக்கும் ஒரே வடிவந்தான். இது சரியான செய்தி. ஆனால் வேர் ஒன்றானாலும் வழக்கு ஒன்றாகிவிடாது. ஒன்று பழைய நார்ஸ் வழியாகவும் மற்றது இத்தாலி, பிரான்ஸ் வழியாகவும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. பேசுபவர் மனத்தில் அந்தப் பழைய உறவு இல்லை. அதனால்தான் ஒலி ஒற்றுமை ஆபத்தானது: உறவு இருப்பதாக யாரும் நினைக்காமலே ஒன்றின் சாயல் மற்றதில் படிந்துவிடும். பெட், ஷோல் என்ற சொற்களுக்கு அத்தகைய சாயல் இல்லை.

அந்தச் சாயல் நடைமுறையில் எங்கே தெரிகிறது? வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில். 1906இல் இலங்கை அரசு தன் முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு பங்கு நிறுவனத்திடம் விட்டது. சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ் என்பது அதன் பெயர். பருவக் காற்றில் இடம்பெயரும் மணல், சிப்பியைத் தின்னும் திருக்கை, நெரிசலில் ஏற்படும் சாவு எல்லாம் ஹெர்ட்மன் அறிக்கையிலேயே இருந்தன. அப்படியிருந்தும், முதலைப் போட்டால் ஆண்டுதோறும் வட்டி வரும் என்பதுபோல வாடகை நிர்ணயிக்கப்பட்டது. 1907க்குப் பின் சிப்பி கைகொடுக்கவில்லை. 1912இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. சேமிப்பு என்றால் போட்டது இருக்கும். பாரில் ஒரு தலைமுறைச் சிப்பி நாலைந்து ஆண்டு வாழ்ந்து மறைந்தால், அடுத்தது வருமா என்பதைக் கடல்நீரோட்டமே தீர்மானிக்கும்.

பேராசைக்கு ஆங்கிலச் சொல்லா காரணம், பாண்டியரும் நாயக்கரும் சேதுபதியும் முத்தைக் கருவூலமாகக் கருதவில்லையா என்று கேட்கலாம். கருதினார்கள். ஆனால் அவர்கள் பெற்றது பெரும்பாலும் நடக்கும் சலாபத்தில் ஒரு பங்கு, இத்தனை தோணி, மூழ்குவோருக்கான இத்தனை கல் என்ற உரிமை. சலாபம் இல்லாத ஆண்டில் பங்கும் இல்லை. வராத விளைச்சலுக்கும் ஆண்டு வாடகை கட்ட ஒப்புக்கொண்ட குத்தகை வேறு வகை. சொல் அதை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. அதை இயல்பானதாகத் தோன்றச் செய்தது என்பதே என் கருத்து.

தமிழும் பின்னாளில் இதேபோன்ற ஒரு இணைப்பைச் செய்தது. தோளில் அணியும் நகைக்குப் பெயரான ‘வங்கி’யிலேயே பணநிறுவனமும் வந்து ஏறிக்கொண்டது. ஆனால் அந்த வங்கி கடலுக்குள் இறங்கவில்லை. 1921இல் தூத்துக்குடியில் நாடார் பேங்க் தொடங்கப்பட்டு, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் என்று பெயர் மாறியபோதும், கடலோடிக்குப் பார் பாராகவே இருந்தது. தூத்துக்குடியின் கடைசிச் சலாபத் தொடர் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் அரசு சலாபம் நடத்தவில்லை. 1973இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி செயற்கை முறையில் முத்து விளைவித்தார். அதற்கான சிப்பிகள் இயற்கைப் பார்களிலிருந்து எடுத்துவரப்பட்டு, மிதவைகளில் தொங்கவிட்டு வளர்க்கப்பட்டன. கடலடி மேடு என்ற பொருளில் ‘பேங்க்’குக்கு அங்கே வேலையே இல்லை, சிப்பிக்கு வேண்டியிருந்தது பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் மட்டுமே.