செஞ்சியில் கொம்பு எந்தப் பக்கம்?

மென்பொருள் எழுதுறவங்க அடிக்கடி சொல்ற விஷயம்: நிரலின் மையப்பகுதிக்குப் பின்னால இருக்கிற இயந்திர வேலைகள் தெரியவே கூடாது. தமிழ் எழுத்து கணினிக்குள் வந்த கதையே இந்தப் பிரிவினையின் கதைதான்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நான் பார்த்த பழைய டிடிபி கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கு. அதில் 'செஞ்சி' என்பது உண்மையில் என், ஆர், கியூ, அரைப்புள்ளி, ஆர், பி என்ற ஆறு ஆங்கிலக் குறிகள். அதைத் தமிழாகக் காட்டுறது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்.

இன்னொரு சிக்கல், கொம்பு. கண்ணுக்குத் தெரியுற வரிசையிலேயே சேமிச்சதால் கொம்பு முதலில், 'ச' பிறகு. ஊர்களை அகரவரிசைப்படுத்தினால் மேல்மலையனூரும் கோலியனூரும் இரட்டைக் கொம்பின் கீழ் ஒண்ணா நிற்கும். மரக்காணம் வேறெங்கோ போயிடும்!

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. இணையத் தமிழர்கள் டிஸ்கியை உருவாக்கினார்கள். ஒரு எழுத்துருவில் அடிச்சதை அதே குறியாக்கம் கொண்ட இன்னொன்றில் படிக்க முடிஞ்சது. பெரிய விடுதலை. ஆனாலும் சேமிக்கப்பட்டது எழுத்தின் உருவம்தான், எழுத்து இல்லை. இதைக் குறை சொல்ல மாட்டேன். இயங்குதளத்தின் உதவி இல்லாமல் அன்றைய கணினிகளில் ஓட அதுதான் வழி.

யூனிகோடில் 1991-லேயே தமிழ் இருந்தது. அதில் 'ச' முதலில், கொம்பு பிறகு. இடப்பக்கம் வரையறது திரைக்கான நிரலின் பொறுப்பு. அந்த நிரல் பரவலாகக் கிடைக்கணுமே? விண்டோஸ் 2000-இல் தமிழும் லதா எழுத்துருவும் சேர்ந்த பிறகுதான் சாதாரண ஆட்களுக்கு அது எட்டியது. சரியான பிரிவினை, ஆனா மறுபாதி தயாராக இத்தனை வருஷம்.

2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது; கூடவே டேஸ்16-ஐ மாற்றாக வைத்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். 'செ' நமக்கு ஒரே எழுத்துதானேங்கிற அந்த வாதத்தில் நியாயம் இருக்கு. ஆனால் உலகக் கணினிகள் யூனிகோடைத்தான் பேசுது.

பழைய கோப்புகளை மாற்ற, முதலில் எழுத்துருவின் பெயர் தெரியணும். உங்ககிட்ட ஏதாவது கிடந்து, திறந்ததும் அரைப்புள்ளிகளை அள்ளித் தெளிச்ச மாதிரி இருந்தா, பாமினியான்னு பாருங்க. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான்.