கூட்டாண்மையா, நிறுமமா? 1906ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத்தில் வணிகச் சட்ட வடிவத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

வணிகம் தொடங்குவோர் எடுக்கும் முதல் முடிவுகளுள் ஒன்று, அதனை எந்தச் சட்ட வடிவில் நடத்துவது என்பதாகும். 1906 அக்டோபரில் ஆறு நாள் இடைவெளியில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த இரு நிகழ்வுகளை ஒப்பிட்டு, இம்முடிவு இழப்பைச் சுமப்பவர் யார் என்பதையும், தொழிலின் முடிவைத் தீர்மானிப்பவர் யார் என்பதையும் எவ்வாறு வரையறுத்தது என இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கூட்டாண்மை, கூட்டுக் குடும்ப வணிகம், வரையறுத்த பொறுப்பு, அர்பத்நாட் வங்கி, சுதேசிக் கப்பல் நிறுவனம்.

முன்னுரை

1906 அக்டோபர் 16 அன்று வ.உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் தூத்துக்குடியின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவுசெய்யப்பட்டது. அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் பணம் வழங்குவதை நிறுத்தியது. முன்னது விடுதலை இயக்க வரலாற்றிலும் பின்னது வங்கி வரலாற்றிலும் தனித்தனியே பேசப்பட்டு வந்துள்ளன. முன்னது பங்கு நிறுமம், பின்னது கூட்டாண்மை. சட்ட வடிவத்தின் அடிப்படையில் இரண்டையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகர்முன் இருந்த வழிகள்

அக்காலத்தில் தொழில் தொடங்க விரும்பியவர்முன் நான்கு வழிகள் இருந்தன. முதலாவது தனிவணிகம். இதில் கடைக்கடனும் வீட்டுக்கடனும் சட்டத்தின் முன் ஒன்றே. இரண்டாவது இந்துக் கூட்டுக் குடும்ப வணிகம். மிதாட்சர முறைப்படி, தொழிலை நடத்தும் கர்த்தாவின் பொறுப்புக்கு எல்லை இல்லை. பிற பங்காளிகள் தாமே ஒப்பந்தத்தில் சேர்ந்தோ பின்னர் அதனை ஏற்றோ இருந்தாலன்றி, குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கின் அளவிற்கே பொறுப்பாவர். பிறப்பால் உறுப்பினராவோரையும் உட்கொண்டது இவ்வமைப்பு.

மூன்றாவது கூட்டாண்மை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் இயல் இதனை வரையறுத்தது. வேறு உடன்பாடு இல்லாவிடில், கூட்டாளி ஒருவரின் இறப்போடு கூட்டாண்மை கலைந்துவிடும். தொழிலின் வழக்கமான போக்கில் ஒரு கூட்டாளி செய்யும் செயல் ஏனையோரையும் கட்டுப்படுத்தும். கடனுக்கு ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொத்தோடு பொறுப்பாவர்.

நான்காவது, நிறுமச் சட்டப்படி பதிவுசெய்யப்படும் பங்கு நிறுமம். வரையறுத்த பொறுப்பு இந்தியாவில் 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறிமுகமாயிற்று. அப்போது விலக்கப்பட்ட வங்கித் தொழிலுக்கு 1860இல் அவ்வுரிமை கிட்டியது. 1882ஆம் ஆண்டு நிறுமச் சட்டப்படி, நிறுமம் அமைக்க ஏழு பேரேனும் வேண்டும். மேலும், பதிவு பெறாத வணிகக் கூட்டில் வங்கித் தொழிலாயின் பத்துப் பேருக்கும், பிற தொழிலாயின் இருபது பேருக்கும் மேற்பட்டோர் சேரலாகாது. சிறு வணிகருக்கு ஏழு பேரைத் திரட்டுவதே அரிது. பெருமுதல் நாடுவோருக்கு இருபது பேர் போதார். கூட்டாண்மைக்கும் நிறுமத்துக்கும் இடையிலான எல்லையை இவ்வெண்களே வகுத்தன.

கூட்டாண்மையின் சரிவு

அர்பத்நாட் நிறுவனம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழைமையுடையது. அரசு அலுவலர், ஓய்வூதியர், சிறு வணிகர், கைம்பெண்டிர் எனப் பலதரப்பட்டோர் அதில் பணம் வைத்திருந்தனர். அவர்கள் நம்பியது கணக்கறிக்கையை அன்று, கூட்டாளிகளின் பெயரையும் சமூக மதிப்பையுமே. இலண்டனில் அதனோடு இணைந்து இயங்கிய நிறுவனத்தை நடத்திய கூட்டாளி மெக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பேரிழப்புக்கு உள்ளாகி, அந்த அக்டோபரிலேயே இரயில்முன் பாய்ந்து உயிர்துறந்தார். இலண்டனில் ஒருவர் எடுத்த முடிவின் விளைவு சென்னையில் ஆயிரக்கணக்கான வைப்பாளர்களின் சேமிப்பைத் தாக்கியது.

வரம்பற்ற பொறுப்பு கடன் கொடுத்தோருக்குப் பெருங்காப்பு என்பது பொதுவான கருத்து. கூட்டாளிகளின் சொந்தச் சொத்து கடனை ஈடுசெய்யும் அளவிற்கு இருக்கும்வரையே அக்காப்பு பயன்படும் என்பதை இந்நொடிப்பு உணர்த்திற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் 1907இல் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆயினும் அத்தண்டனை வைப்பாளர்களின் இழப்பை ஈடுசெய்யவில்லை.

இச்சரிவின் விளைவாக, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று முயல, இந்தியன் வங்கி உருவாயிற்று. 1907 மார்ச் 5இல் பதிவாகி ஆகஸ்டு 15இல் செயற்படத் தொடங்கிய இவ்வங்கியைக் கூட்டாண்மையாக அன்றிப் பங்கு நிறுமமாகவே அமைத்தனர்.

நிறுமத்தின் வலிமையும் எல்லையும்

சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். அது ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. கூட்டாண்மையாகத் தொடங்கியிருப்பின் இருபது பேருக்கு மேல் சேர்ந்திருக்க இயலாது; ஒவ்வொருவரும் சராசரியாக 50,000 ரூபாய் இட்டிருக்க வேண்டும்; கப்பல் தொழிலின் கடன் அனைத்துக்கும் தம் வீட்டையும் நிலத்தையும் பிணையாக்கியிருக்க வேண்டும். நிறும வடிவம் இத்தடையை நீக்கியது. வலிமை மிக்க பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை எதிர்க்கும் முயற்சியில் எளியவரும் இருபத்தைந்து ரூபாய் அளவிலான இடரோடு பங்குகொள்ள முடிந்தது. சுதேசிய உணர்வு மக்கள் முதலீடாக மாறுவதற்குப் பொறுப்பின் வரையறையே சட்ட வழியை அமைத்துத் தந்தது எனலாம்.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டு, சூலையில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். நிறுமம் உறுப்பினர்களினின்று வேறுபட்ட சட்டவழி ஆளுமை உடையது. ஆதலின் அவர் சிறைப்பட்டதால் அது தானே கலைந்துவிடவில்லை. ஆயின் அதன் எதிர்காலத்தை முடிவுசெய்யும் அதிகாரம் இயக்குநர்களிடமும் பங்குதாரர்களிடமும் இருந்தது. போட்டி நிறுவனத்தின் கட்டணக் குறைப்பையும் அரசின் ஒடுக்குமுறையையும் எதிர்கொண்ட கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது அவர் தோற்றுவித்த நிறுவனம் இல்லை. அதனைப் பலருக்கு உரியதாக்கிய வடிவமே, அதன் முடிவையும் தோற்றுவித்தவரின் கையினின்று விலக்கியது.

சிறு வணிகருக்கான மாற்றங்கள்

மேற்கண்ட இரண்டும் பெருந்தொழில்கள். சிறுதொழில் செய்வோர் நிறும வடிவத்தை எளிதில் பெறுவதற்கு 1913ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. இரண்டு பேரே தனியார் நிறுமம் அமைக்கலாம். உறுப்பினர் ஐம்பதுக்கு மிகலாகாது. பங்கு மாற்றத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். பொதுமக்களிடம் பங்கு வாங்க அழைப்பு விடுத்தலாகாது. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. எனினும் அதன் 69ஆம் பிரிவின்படி, பதிவு பெறாத கூட்டாண்மை ஒப்பந்த உரிமையை நிலைநாட்ட வெளியார்மீது வழக்குத் தொடுக்க இயலாது. வாடிக்கையாளர் பாக்கி தர மறுக்கும் நாளில்தான் பல கூட்டாளிகள் இப்பிரிவை அறிகின்றனர். பின்னர் 2008இல் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையும், 2013இல் ஒருநபர் நிறுமமும் சட்ட ஏற்புப் பெற்றன. நிறுமத்துக்குத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை ஏழு, இரண்டு, ஒன்று எனக் குறைந்து வந்துள்ளது.

எனினும் வடிவம் தரும் காப்பு முழுமையானதன்று. சிறு நிறுமத்துக்குக் கடன் வழங்கும் வங்கி, இயக்குநரின் தனிப்பிணையையும் கேட்பது வழக்கம். அதில் கையெழுத்திட்டபின், அக்கடனைப் பொறுத்தவரை அவர் நிலை தனிவணிகரின் நிலையினின்று பெரிதும் வேறுபடுவதில்லை.

முடிவுரை

கூட்டாண்மை தாழ்ந்தது, நிறுமம் உயர்ந்தது என்னும் முடிவுக்கு 1906ஆம் ஆண்டு நிகழ்வுகள் இடந்தரவில்லை. முன்னதில் ஒரு கூட்டாளியின் பிழை பிற கூட்டாளிகளையும் வைப்பாளர்களையும் ஒருசேரத் தாக்கியது. பின்னதில் முதலீட்டாளரின் இழப்பு பங்குத்தொகையளவில் நின்றது. தோற்றுவித்தவரின் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு வடிவமும் இழப்பையும் அதிகாரத்தையும் வெவ்வேறு முறையில் பகிர்கிறது. ஆகவே வணிக வரலாற்றை ஆராய்வோர் முதலீட்டையும் இலாபத்தையும் மட்டுமன்றி, பதிவு ஆவணங்களையும் கூட்டாண்மை ஒப்பந்தங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும். தமிழகக் கடைவீதிகளின் சிறு நிறுவனங்கள் எந்த வடிவத்தை ஏன் தேர்ந்தன என்னும் வினா, வட்டார அளவிலான தனி ஆய்வுகளுக்கு உரியது.