களனிவெளிச் சிறுபாதை

மலையில் விளையும் பொருள் கடற்கரையை அடைந்தாலன்றி உலகச் சந்தையில் விலை பெறாது. ஆபிரிக்காவிலே கட்டங்காச் செம்புச் சுரங்கங்களை அங்கோலாவின் லொபிற்றோ துறைமுகத்தோடு இணைக்கும் பெங்குவெலா இருப்புப் பாதைக்கு 1902ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டிலேதான் நமது களனிவெளியிலும் கொழும்பிலிருந்து அவிசாவளை வரை புகைவண்டி ஓடத் தொடங்கிற்று.

அதற்கு முன்னர் தோட்டத்துச் சரக்கை ஆற்றுப் படகும் மாட்டுவண்டியுமே சுமந்தன. பாதை 1903இல் யட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஒப்பநாயக்கவையும் எட்டியது. மலை வளைவுகளில் செலவு குறையும் பொருட்டு இரண்டரை அடி அகலத்திலேயே தண்டவாளம் இட்டனர். தேயிலையும் இறப்பரும் துறைமுகத்திற்கு இறங்கின. அரிசி தோட்டங்களுக்கு ஏறிற்று. அத்தேயிலைப் பெட்டிகளிலே இருந்தது நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்பன்றோ!

பின்னர் லொறிகள் பெருகின. யட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. ஒப்பநாயக்கப் பகுதி 1973இலும், இரத்தினபுரிப் பகுதி 1976இலும் மறைந்தன. பெங்குவெலாப் பாதையும் 1975இல் மூண்ட உள்நாட்டுப் போரினால் முடங்கியது. ஆயினும் அதனைப் புதுப்பித்து 2015இல் மீண்டும் திறந்து வைத்தனர். இங்கோ அவிசாவளை வரையுள்ள பாதையே மிஞ்சியது. சரக்குக்காக இட்ட அப்பாதை, அகலப் பாதையாக மாறி, இன்று பயணிகளாலேயே வாழ்கிறது. இரத்தினபுரிக்கு இரயில் இல்லை.

இளைஞர்களே! அந்த வண்டியில் சென்ற பெரியோர் இன்னும் நம்மிடையே உளர். எந்தத் தோட்டத்துச் சரக்கு எந்த நிலையத்தில் ஏறியது, யார் சுமந்தார், என்ன கூலி பெற்றார் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தண்டவாளம் போய்விட்டது, அவர்கள் நினைவும் போய்விட்டால் பிறகு யாரைக் கேட்பது?